குடத்து நீரும் சாயத்தொட்டி நீரும்

சாயத்தொட்டிக்குத் தண்ணீர் எடுக்கும்போது நம்மவர்கள் காட்டும் கவனத்தை யாவரும் அறிவர். ஜயங்கொண்டம், இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் தறியோடு பிறந்து வளர்ந்த குடும்பத்தார், எந்தக் கிணற்று நீரில் சிவப்பு ஒரே சீராக ஏறும், எந்த நீரில் திட்டுத்திட்டாக நின்றுவிடும் என்பதைப் பிறர் சொல்லித் தெரிந்துகொண்டவரல்லர். பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சும்பொழுது மேலே வெள்ளையாகத் திரி திரியாய் ஏதேனும் மிதக்குமானால், இந்தத் தண்ணீர் ஆகாது என்று அப்பொழுதே கொட்டிவிடுவார்கள். நிலத்தில் உழைப்போரும் இவர்களுக்குக் குறைந்தவரல்லர். செட்டிகுளத்துப் பக்கத்தில் சின்ன வெங்காயம் வைத்திருக்கும் ஒருவர், பாத்தியின் ஓரத்தில் வெண்மை பூத்திருப்பதைக் கண்டமாத்திரத்தில் தம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு ஏறிவிட்டதென்று கூறிவிடுவார். சொட்டுநீர்க் குழாயின் துளை அடைபட்டால் அதன் காரணமும் அவருக்குத் தெரியும்.

நூலுக்கும் பயிருக்கும் இத்துணை நுட்பமாக நீரைப் பார்க்கும் நாம், அடுக்களைக்கு வரும் குடத்து நீரை மட்டும் இரண்டே கேள்விகளோடு விட்டுவிடுகிறோம். தெளிவாக இருக்கிறதா? வாய்க்கு இதமாக இருக்கிறதா? இவ்விரண்டும் போதா என்பதே நமது கருத்து. கண்ணையும் நாக்கையும் உறுத்துகின்ற குற்றங்களிற் பல உடலுக்கு அவ்வளவாகத் தீங்கு செய்வதில்லை. உடலைக் கெடுக்கும் குற்றங்களோ பெரும்பாலும் நீரில் தெரிவதேயில்லை. அவை குடித்தவரிடத்திலும், கொட்டிலில் கட்டிய மாட்டினிடத்திலும், அடுத்த வீட்டாரிடத்திலுமே தெரிகின்றன. ஆதலின் தண்ணீரைத் தனித்தனிக் குடும்பமாக நின்று காப்பது எளிதன்று. சங்கமாகக் கூடியவர்களுக்கே அது எளிதாகும்.

முதலில் நம் காலடியில் இருக்கும் பூமியைப் பற்றிச் சில வார்த்தைகள். பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்குப் பாகம், பச்சைமலை அடிவாரத்தை ஒட்டியது, கடினமான பாறை. அங்கே நீர் பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கிறது. கிழக்கே வரவரப் பூமியின் தன்மை மாறிவிடுகிறது. காரை, குளக்காநத்தம் முதலிய இடங்களில் தடித்த களிமண். அக்களிமண்ணினூடே பளபளக்கும் ஜிப்சத் தகடுகளை மாடு மேய்க்கும் பிள்ளைகள்கூடப் பொறுக்கி எடுப்பார்கள். அரியலூரைச் சுற்றிலும் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தமையால் கிளிஞ்சல்களும் நத்தைகளும் கல்லாகிக் கிடக்கின்றன. வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்தில் அவற்றைக் காணலாம். சிமெண்டு ஆலைகள் இம்மாவட்டத்தைத் தேடி வந்ததும் அந்தச் சுண்ணாம்புக்காகத்தான். ஜயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கங்களில் செம்மண்ணும் மணற்கல்லும். தெற்கே திருமானூர், தா. பழூர்ப் பக்கம் கொள்ளிடத்தின் வண்டல். பத்துக் கல் தொலைவுக்குள் நீர் இத்தனை விதமாக மாறுகிறபடியால், "எங்கள் மாமியார் ஊரில் இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள், ஒன்றும் செய்யவில்லை" என்ற பேச்சு இந்தப் பிரதேசத்தில் எடுபடாது.

சுண்ணாம்பு கரைந்த நீரின் அடையாளங்களை நம் வீட்டுப் பெண்மக்கள் நமக்குச் சொல்லித்தருவார்கள். சோப்பு நுரைக்காது, தலைமுடி சடை கட்டும், துவரம் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் விதை விதையாகவே நிற்கும், வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பாறை கட்டும். இதனைக் கடின நீர் என்பர். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2012ஆம் ஆண்டில் வகுத்த குடிநீர்த் தரத்தின்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று. வேறு நீர் கிடையாத இடத்தில் 600 வரையில் பொறுத்துக்கொள்ளலாம். நீரைக் கொதிக்கவைத்தால் இச்சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். தெளிய வைத்து இறுத்துக்கொள்ளலாம். ஜிப்சத்தால் வந்த கடினத்தன்மையோ கொதிக்கவைத்தால் போகாது. அத்தகைய நீர் சிறிது கசக்கும். ஊருக்குப் புதிதாக வந்த விருந்தாளிக்கு வயிறு இளகும், உள்ளூராருக்குப் பழகிப்போயிருக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கெல்லாம் இப்படி நேருமானால், சமையலின்மீது பழி போடுமுன் தண்ணீரைக் கவனித்தல் தகும்.

குழாயிலிருந்து பிடிக்கும்போது பளிங்குபோல் இருந்து, அரைமணி நேரம் வைத்திருந்தால் மஞ்சளாகிப் பின் செங்காவியாகி அடியில் படியும் நீரும் உண்டு. அதில் இரும்பு கலந்திருக்கிறது. வெள்ளை வேட்டியில் கறை ஏறும், தேநீர் கறுக்கும், சோறு மஞ்சளிக்கும். வெண்ணூலை அலசுவோருக்கு இது பெரும் பகை. ஆனால் குடிப்பவருக்கு இது முதன்மையான பகையன்று. காற்றுப்பட ஊற்றி ஆற்றி, இரவெல்லாம் வைத்து, மணலில் வடித்தால் பெரும்பாகம் நீங்கிவிடும். அழுகிய முட்டை நாற்றமும் ஆழ்துளைக் கிணறுகளில் சில வேளை வருவதுண்டு. திறந்து வைத்தவுடன் அந்நாற்றம் போய்விட்டால் பூமிக்குள்ளிருந்து வந்த வாயு என்று கொள்ளலாம். போகாமல் நிற்குமானாலும், நேற்றுவரை இல்லாதிருந்து இன்று தோன்றுமானாலும், அருகில் சாக்கடையோ கழிவறைக் குழியோ கசிகிறதா என்று உடனே பார்க்கவேண்டும். நாற்றமாயினும், நிறமாயினும், உவர்ப்பாயினும், என்றும் உள்ளதைக் காட்டிலும் திடீரென்று மாறியதே அதிகம் அஞ்சத்தக்கது என்று நாம் எண்ணுகிறோம்.

இவ்விடத்தில் ஒரு வியாபாரத் தந்திரத்தையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருகிறவர் சிலர் இரண்டு தம்ளர்களில் நீர் வைத்து, ஒன்றில் வீட்டு நீரும் மற்றொன்றில் தம்முடைய நீரும் ஊற்றி, இரண்டிலும் கம்பிகளை நட்டு மின்சாரம் செலுத்துவர். வீட்டு நீர் சற்று நேரத்தில் சேறுபோலக் கறுத்துப் பச்சையும் பழுப்புமாய்ப் பொங்கும். அவருடைய நீர் அசையாது. பார்த்த குடும்பத்தார் நடுநடுங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவர். உண்மை யாதெனில், அந்தச் சேறு நீரிலிருந்து வந்ததன்று. கம்பியின் இரும்பு கரைந்து வந்தது. உப்பு சிறிதேனும் உள்ள நீரில் மின்சாரம் பாயும், இரும்பு கரையும்; உப்பேயில்லாத நீரில் பாயாது. அவ்வளவே. கைக்கடக்கமான உப்பு அளவு கருவி காட்டும் எண்ணும் அப்படித்தான். கரைந்த உப்புக்கள் மொத்தம் எவ்வளவு என்பதை அது சொல்லும்; லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நலம், வேறு வழியில்லையேல் 2000 வரையில் என்பது தரம். ஆனால் 60 காட்டும் நீரில் நோய்க்கிருமி நிறைந்திருக்கக்கூடும். 700 காட்டும் நீர் கிருமியற்றதாக இருக்கக்கூடும். சவ்வூடு பரவல் முறையில் வடிக்கும் இயந்திரங்களை நாம் வேண்டாமென்று கூறவில்லை. கீழே சொல்லப்போகும் ஃபுளோரைடையும் நைட்ரேட்டையும் அவை குறைக்கக்கூடியனவே. தேவை இன்னதென்று அறியாமல், பயத்தினால் பணம் கொடுப்பதையே வேண்டாமென்கிறோம்.

இனி, நீரில் தெரியாத குற்றங்கள். 1930களில் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர்ப் பகுதியில் உழவர்கள் ஒரு விபரீதத்தைக் கண்டார்கள். உழவு மாடுகள் மூட்டு விறைத்து, நடக்கமாட்டாமல் நொண்டின. வேறு ஊரிலிருந்து நல்ல மாடுகளை வாங்கி வந்தாலும் சில காலத்தில் அவற்றுக்கும் அதே கதி நேர்ந்தது. பிறகு மனிதரிடத்திலும் முதுகு வளையாமை, கழுத்துத் திருப்பமுடியாமை ஆகியவை தென்பட்டன. 1937ஆம் ஆண்டில் ஷார்ட், மக்ராபர்ட், பார்னார்டு, நாயர் ஆகிய மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணம் கிணற்று நீரிலிருந்த ஃபுளோரைடு என்று எழுதி வெளியிட்டார்கள். நம் நாட்டில் இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கிற்று. அந்நீர் கலங்கியிருக்கவில்லை, நாறவுமில்லை. அதன் குற்றத்தை முதலில் படித்தவர் ஏர் பிடித்த உழவர். அவர் படித்த ஏடு மாட்டின் கால்!

ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் வேண்டும், 1.5க்கு மேல் எக்காரணத்தாலும் கூடாது. கடினப் பாறைப் பிரதேசங்களில், கிணற்றை ஆழப்படுத்த ஆழப்படுத்த இது வருவதற்கு இடமுண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்கேடு மிகுந்திருந்தபடியால் ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவரும் பெருந்திட்டம் 2013ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்டது. பாறை நிலத்தில் வாழும் நம் அங்கத்தினர்கள் பார்க்கவேண்டிய அடையாளம் எளியது. பால்பல் விழுந்து முளைத்த புதுப் பற்களில் சுண்ணாம்புபோல் வெண்மையான கோடுகளோ, பழுப்புக் கறையோ இருக்கின்றனவா? தேய்த்தாலும் போகாமல், இருபக்கத்துப் பற்களிலும் ஒத்தபடி இருக்கின்றனவா? ஒரு பிள்ளைக்கு மட்டும் இருந்தால் வேறு காரணம் இருக்கலாம். ஒரே தெருவில் ஒரே குழாயில் நீர் குடித்து வளர்ந்த ஐந்தாறு பிள்ளைகளுக்கு இருந்தால் நீரைச் சோதித்தேயாகவேண்டும். பற்கள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், ஏறிய கறை பின்னர் மாறாது. ஆகவே காலம் தாழ்த்துவதற்கில்லை.

நைட்ரேட்டைப் பற்றி விவசாய அங்கத்தினர்களிடம் சற்று வெளிப்படையாகவே பேசவேண்டியிருக்கிறது. மக்காச்சோளத்துக்கும் பருத்திக்கும் வெங்காயத்துக்கும் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியாவில், பயிர் உண்டது போக எஞ்சியதில் ஒரு பகுதி மழை நீரோடு பூமிக்குள் இறங்குகிறது. கிணற்றடியில் எருக்குழியும் மாட்டுக்கொட்டிலும் இருந்தால் அவற்றின் கசிவும், கழிவறைக் குழியின் கசிவும் அதனோடு சேர்கின்றன. அந்நீருக்கு நிறமில்லை, மணமில்லை, சுவை வேறுபாடுமில்லை. 1945ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கோம்லி என்னும் மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த புட்டிப்பால் குடித்த சிசுக்கள் நீலம் பாரிப்பதைக் கண்டு, அதற்கு நைட்ரேட்டே காரணம் என்று எடுத்துக்காட்டினார். நம் நாட்டுத் தரத்தில் இதற்கு 45 மில்லிகிராம் என்பதே எல்லை. தளர்வு ஏதும் கிடையாது. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் வீட்டில் இதனை நினைவில் வைத்தல் அவசியம். காய்ச்சிய நீர்தானே என்று எண்ணுதல் இங்கே உதவாது. கொதிக்கக் கொதிக்க நீர் சுண்டுமே தவிர நைட்ரேட்டு போகாது, அதன் செறிவு கூடவே செய்யும். ஃபுளோரைடுக்கும் இதுவே விதி. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பூத்தால் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவேண்டும்.

கிருமிகளின் காரியம் வேறு. காய்ச்சினால் அவை மடியும். ஆனால் அவை வந்திருப்பதைத் தெளிந்த நீர் ஒருபோதும் காட்டிக்கொடாது. குழாய் நீர் வந்த பிறகு கிணற்றுக் கவலை தீர்ந்ததென்று நினைப்போர் பலர். இரவும் பகலும் நீர் ஓடும் குழாயில் வெளியழுக்கு எளிதில் புகாது. நம் ஊர்களில் ஒரு வேளைதான் நீர் விடுகிறார்கள். விட்டு நின்றபிறகு குழாய் வெறுமையாகிறது; கழிவுநீர் வாய்க்காலுக்குள்ளேயே குழாய் ஓடி, அதில் ஒரு கீறலும் இருந்துவிட்டால், வாய்க்கால் நீர் உள்ளே இறங்கிவிடுகிறது. இதன்மேல், வீட்டுக்குழாயில் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வழக்கம் வேறு பரவியிருக்கிறது. அது பக்கத்து வீட்டாரின் பங்கைப் பறிப்பது மட்டுமன்று. அந்தக் கீறல் வழியாக வாய்க்கால் நீரையும் இழுத்து வருகிறது. அப்படி உறிஞ்சியவருடைய பிள்ளைகளும் அதே நீரைத்தான் குடிக்கின்றன. நீர் திறந்ததும் முதற்குடம் கலங்கலாக வருதல், மழை பெய்த மறுநாள் மண்வாடை வீசுதல், நீரின் வேகம் காரணமின்றிக் குறைதல் ஆகியவை குழாய் உடைந்திருப்பதற்கு அடையாளங்கள். குளோரின் வாடை வந்தால் முகஞ்சுளிக்கிறோம். அது நல்ல அடையாளம். கடைசி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிஞ்சியிருக்கவேண்டும் என்பது விதி. அந்த வாடை பல நாட்களாக வரவில்லையென்றால், தொட்டி இயக்குபவரைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நிகழ்ந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டியல் வகுப்பு மக்கள் வாழும் அவ்விடத்தில் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக வாந்தியாலும் வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். ஒரே குடியிருப்பிலிருந்து வந்தமையால் குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் கூற, மக்கள் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது அதில் மனித மலம் கலக்கப்பட்டிருந்தது. அக்கொடுமையைப் பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஒன்றே: குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது, ஒரே தொட்டி நீரைக் குடித்த பல பிள்ளைகள் ஒரே சமயத்தில் படுத்ததுதான். ஒரு வீட்டில் மஞ்சட்காமாலை வந்தால் கீழாநெல்லியும் பத்தியமுமாக அவ்வீட்டார் பாடு. ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் வந்தால் அது குழாயின் பாடு. ஆனால் மூன்று வீட்டுச் செய்தியையும் ஓரிடத்தில் எழுதி வைப்பவர் எவர்?

நெசவாளர் இதழில் துணியைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. நரம்புச் சிலந்தி நோய் படிக்கிணற்று நீரிலிருந்த நுண்ணிய தெள்ளுப் பூச்சிகளால் பரவியது. துணியில் வடிகட்டிக் குடிக்கச் செய்ததும் அந்நோயை ஒழித்த வழிகளுள் ஒன்று. 1996க்குப் பின் நம் நாட்டில் அந்நோய் தோன்றவில்லை, 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவை விடுபட்ட நாடென்று அறிவித்தது. வங்காளதேசத்தின் மட்லாப் பகுதியில் ரீட்டா கோல்வெல் என்னும் அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் செய்து 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சி, பழைய பருத்திச் சேலையை எட்டு மடிப்பாக வைத்து வடித்த ஊர்களில் காலரா 100க்கு 48 பங்கு குறைந்ததாகக் காட்டியது. புதுச் சேலையைவிடப் பலமுறை துவைத்துப் பழகிய சேலையே மேலாம். இழை பிரிந்து கண் சிறுத்துவிடுகிறது. கைத்தறிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று வேண்டுமா? எனினும் துணியைக் கடந்து செல்லும் கிருமிகள் பல. வடிகட்டியபின் காய்ச்சுதலும் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது யாது? தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடங்கள் மாவட்டங்களில் உள்ளன. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கத்தின் கீழ் ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்கு நீர் சோதிக்கும் பெட்டியைக் கொண்டு பழக்கவேண்டுமென்று விதித்திருக்கிறார்கள். அந்த ஐவர் நம் ஊரில் எவரெவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? கிருமிச் சோதனைக்கு ஒரு சிறு புட்டியே போதும். 1982ஆம் ஆண்டில் குவாலியரிலுள்ள பாதுகாப்புத்துறை ஆராய்ச்சிக்கூடத்தார் வெளியிட்ட முறை அது. நீரை ஊற்றி மூடி ஒன்றிரண்டு நாள் வைத்தால், மலக்கலப்புள்ள நீர் கறுத்துவிடும். எழுத்தறியாதவரும் படிக்கக்கூடிய அறிக்கை இதுவன்றோ? கறுத்தால் நீர் விடுவதை நிறுத்தச் சொல்லலாம், காய்ச்சச் சொல்லலாம், ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பலாம்.

நூல் பட்டுவாடாப் புத்தகத்தையும் உரக் கணக்கையும் நாள் தவறாமல் எழுதுகின்ற நம் சங்கங்கள், தண்ணீருக்கென்று ஒரு புத்தகம் போடவேண்டுமென்று நாம் சொல்லுகிறோம். கூலி வாங்கவும் உரம் வாங்கவும் அங்கத்தினர் வரும்போது எழுத்தர் கேட்கவேண்டிய கேள்விகள் நான்கே. குழாய் நீரில் நிறமோ மணமோ மாறிற்றா? வீட்டில் வயிற்றுப்போக்கு, காமாலை, விடாக்காய்ச்சல் உண்டா? பிள்ளைகளின் புதுப் பற்களில் கறை உண்டா? மாடுகள் நொண்டுகின்றனவா? பதிலையும் தெருப் பெயரையும் தேதியையும் எழுதிவைத்தால் போதும். நோயாளியின் பெயர் வேண்டியதில்லை. செலவு ஒரு நோட்டுப்புத்தகம். ஒரு தெருவுக்கு நேரே ஒரே வாரத்தில் இரண்டு மூன்று குறிகள் விழுந்தால் அன்றே ஊராட்சிச் செயலாளருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எழுத்து மூலமாகத் தெரிவிக்கவேண்டும். ஊராட்சியார் கவனிக்கவில்லையேல் என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. தனி ஒருவரின் முறையீட்டை ஒதுக்கலாம். இருநூறு அங்கத்தினர் உள்ள சங்கத்தின் முத்திரையிட்ட கடிதத்தை அவ்வாறு ஒதுக்குதல் கடினம்.

2022ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22ஆம் தேதியும் நம் மாநிலத்தில் கிராம சபை கூடும் நாட்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. அன்றைய சபையில் மேல்நிலைத் தொட்டி கடைசியாகக் கழுவப்பட்ட தேதியும், கடைசி வீட்டுக் குழாயில் நின்ற குளோரினின் அளவும், ஊரின் ஒவ்வொரு ஆழ்துளைக் கிணற்றுக்கும் ஃபுளோரைடு, நைட்ரேட்டு எண்களும் படிக்கப்படவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவர, நம் சங்கங்கள் இப்பொழுதே தம் நிர்வாகக் குழுவில் பேசி, அங்கத்தினர்களைத் திரட்டிவைத்தல் நலம். அந்த எண்கள் சுவரில் எழுதப்படட்டும். தொட்டியின் அடியில், எல்லாரும் குடம் வைக்கும் இடத்துக்கு நேரே எழுதினால் இன்னும் நன்று.